நொச்சி இலை கழுவிய தண்ணீர்

ஆபீசர் சார், நீங்கள் சொன்னது பொய். தெரியாமல் சொல்லிவிட்டீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கேள்வி கேட்டவளின் வாயை அடைக்க உங்களுக்கு ஏதோ ஒன்று வேண்டியிருந்தது. கொசுவுக்கு நாங்கள் வைக்கிற புகை டப்பா கண்ணில் பட்டது. அதன் மேல் பழியைப் போட்டுவிட்டு ஜீப்பில் ஏறிப் போய்விட்டீர்கள்.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு நடந்தது தெரியாது. அவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன்.

நான் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறேன். வீடு காத்திவாக்கத்தில், கால்வாயை ஒட்டிய தெருவில். தெருவுக்கு ஒரு பக்கம் கால்வாய், மறுபக்கம் நிலக்கரி லாரி போகிற சாலை. என் மனைவி ராயபுரம் கல்மண்டபத்துக்காரி. இறால் உரிக்கிற ஷெட்டில் வேலை செய்தாள். வாய் நீளம். அவள் பேசினால் எதிர் வீட்டு ரேடியோவை அணைத்துவிட்டுக் கேட்பார்கள். அவளுக்கு வீசிங் இருக்கிறது. கல்யாணமாகி வந்தபோது இல்லை. இங்கே வந்து சில வருடம் கழித்து ஒரு மழைக்காலத்தில் இருமலாக ஆரம்பித்தது. சளி என்றோம், ஷெட்டில் ஐஸ் தண்ணீரில் நிற்பதால் என்றோம். பிறகு மூச்சுக்கு விசில் சத்தம் வந்தது. இப்போது ஜாக்கெட்டுக்குள் இன்ஹேலர் பம்ப் வைத்துக்கொண்டுதான் நடமாடுகிறாள்.

எங்கள் கால்வாயில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததில்லை. ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது. அதன் மேல் பிளாஸ்டிக், அதன் மேல் கொக்கு. பொழுது சாய்ந்ததும் அங்கிருந்து கொசு கிளம்பும். கதவைச் சாத்தினால் வீடு வேகும், திறந்தால் கடித்துப் பிடுங்கும். வலை கட்டிக்கொள்ளலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கட்டியிருக்கிறோம். வலைக்குள் படுக்கலாம். சோறு வடிக்க முடியாது, துணி மடிக்க முடியாது. அதுவும் மூச்சு முட்டுகிறவளுக்கு வலைக்குள் படுத்தால் இன்னும் முட்டுகிறது. கிழித்துக்கொண்டு எழுந்திருக்கிறாள். கொசுவத்தியைப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பிளக்கில் செருகுகிற திரவத்தை வாங்கி வந்தேன். அந்த வாசனைக்கும் இருமினாள்.

எங்கள் தெருவில் எல்லோருக்கும் இருந்த ஒரே வழி புகைதான். பழைய பெயிண்ட் டப்பாவில் சுற்றிலும் ஆணியால் ஓட்டை போட்டு, கம்பியில் கைப்பிடி கட்டி வைத்திருப்போம். அடியில் தேங்காய் நாரும் கொஞ்சம் கரியும், மேலே நொச்சி, வேப்பிலை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வீடு டப்பா புகையும். ஒவ்வொரு மூலையிலும் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு வாசலில் வைத்துவிடுவோம். இலையை யாரும் விலைக்கு வாங்குவதில்லை. கால்வாய்க் கரையில், லாரி போகிற சாலைக்கும் தண்ணீருக்கும் நடுவில், நொச்சி வேலிபோல மண்டிக் கிடக்கிறது. போகிற வழியில் ஒரு கை ஒடித்துக்கொண்டு வந்தால் போதும். என் வீட்டில் மட்டும் டப்பா உள்ளே வராது. வாசலிலேயே வைத்து, இவளைப் பின்பக்கம் அனுப்பிவிடுவேன். ஆனால் சுற்றி எல்லா வீட்டிலும் புகையும்போது வாசல் என்ன, பின்பக்கம் என்ன?

அப்படி இருக்கும்போதுதான் தெருமுனையில் சாமியானா போட்டு நீங்கள் குறை கேட்க வந்தீர்கள். கால்வாயைத் தூர்வாரச் சொன்னோம். சாயங்காலமானால் எங்கிருந்தோ ஒரு நாற்றம் வருகிறது, தொண்டை எரிகிறது என்று சொன்னோம். சொன்னோம் என்றால் என் மனைவி சொன்னாள். மற்றவர்கள் அவளைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டார்கள். இந்தத் தெருவில் எத்தனை பேர் பம்ப் வைத்து மூச்சு இழுக்கிறார்கள் என்று வந்து பார்த்தீர்களா என்று கேட்டாள். நடுவில் அவளுக்கே இருமல் வந்துவிட்டது. நீங்கள் காத்திருந்தீர்கள். அவள் இருமி முடித்ததும் மைக்கை வாங்கினீர்கள்.

“சாயங்காலமானா வீட்டுக்கு வீடு நீங்களே இலையைப் போட்டுப் புகைய விடுறீங்க. அதை நீங்களே இழுக்கிறீங்க. அப்புறம் இருமல் வருதுன்னு எங்களைக் கேக்குறீங்க. முதல்ல அந்த டப்பாவைத் தூக்கிப் போடுங்கம்மா. இருமல் தானா நிக்கும்.”

முன் வரிசையில் சிலர் சிரித்தார்கள். எங்கள் தெரு ஆட்களே சிரித்தார்கள். என் மனைவி உட்கார்ந்துவிட்டாள். அவள் பதில் சொல்லாமல் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்கு வந்தோம். வாசலில் இருந்த டப்பாவைக் காலால் ஒதுக்கிவிட்டு உள்ளே போனாள். பிறகு சொன்னாள்.

“அந்தாளு சொல்றது நெஜமா இருந்தா இன்னாய்யா பண்றது? நம்ப வூட்டுப் பொகையே என் நெஞ்ச அறுத்துகினு கீதுன்னா?”

எனக்குக் கோபம் வந்தது. வீட்டுக்குள் அங்குமிங்கும் நடந்தேன். இரண்டு எட்டு வைத்தால் முடிந்துவிடுகிற வீட்டில் எவ்வளவுதான் நடக்க முடியும்? உட்காருய்யா, தல சுத்துது என்றாள். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். சரி, புகை வேண்டாம் என்றால் கொசுவுக்கு வேறு வழி செய்ய வேண்டும். அது ஒன்றுதான் என் கையால் ஆகிற காரியமாகத் தெரிந்தது.

துறைமுக வாசலுக்கு வரிசையில் நிற்கும்போது லாரி கேபினுக்குள் கொசு மொய்க்கும். வண்டி நகராது, இறங்கியும் போக முடியாது. டிரைவர்கள் ஆளுக்கொரு வைத்தியம் வைத்திருப்பார்கள். டீசலைத் துணியில் நனைத்து முழங்கை வரை தேய்த்துக்கொள்கிற ஆளைப் பார்த்திருக்கிறேன். தோலெல்லாம் வெடித்துப் போயிருக்கும். எனக்கு முன்னால் நின்ற வண்டிக்காரர் ஒருவர் மட்டும் ஒரு சின்ன பாட்டிலில் இருந்து எண்ணெய் தடவிக்கொண்டு நிம்மதியாகத் தூங்குவார். பக்கத்தில் போனால் வேப்பெண்ணெய் வாடை மூக்கைத் துளைக்கும். கொசுவும் அதனால்தான் கிட்டே போவதில்லை போலிருக்கிறது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டேன். கல்மண்டபத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையைச் சொன்னார்.

கடைக்காரர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணாச்சி. ராயபுரத்துக்கு வந்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது, பேச்சு மட்டும் அப்படியே இருக்கிறது. கொசு எண்ணெய் வேண்டும் என்றதும் வேப்பெண்ணெயையும் சூடத்தையும் எடுத்து வைத்தார். வீட்டில் வீசிங் இருக்கிறது என்று சொன்னதும் சூடத்தைத் திரும்ப டப்பாவுக்குள் போட்டு மூடினார்.

“சூடத்தத் தொட்டுறாதேயும் தம்பி. அந்த வாடையே அவுகளுக்கு நெஞ்ச அடைச்சிரும். நொச்சி எல கெடைக்குமா ஒம்ம பக்கம்?”

வேலியாக நிற்கிறது என்றேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இலையை நன்றாகக் கழுவ வேண்டும், நிழலில் ஈரம் போக உலர்த்த வேண்டும். ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும், கெட்டும் போகும். ஒன்றிரண்டாக இடித்துத் தேங்காயெண்ணெயில் போட்டுச் சின்னத் தீயில் வைத்திருக்க வேண்டும். சலசலப்பு அடங்கி இலை முறுகினால் இறக்கிவிடலாம். ஆறிய பிறகு துணியில் வடிகட்டி, வேப்பெண்ணெய் கொஞ்சமே கொஞ்சம் சேர்க்க வேண்டும். அடுப்பில் வைக்கும்போது அவள் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. முதலில் முழங்கையில் ஒரு சொட்டு வைத்து ஒருநாள் பார்க்க வேண்டும். எரிந்தாலோ மூச்சு இழுத்தாலோ கொட்டிவிட வேண்டும். வேப்பெண்ணெயைக் கூட்டிப் போட்டால் கொசு போகும், பெண்டாட்டியும் போய்விடுவாள் என்று சொல்லி அவரே சிரித்துக்கொண்டார். அப்போது எனக்கும் சிரிப்பு வந்தது.

லீவு நாளில் கால்வாய்க் கரைக்குப் போய் ஒரு கட்டு நொச்சி ஒடித்து வந்தேன். இவள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அதிகாரம் செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து இப்போதுதான் என்னை அடுப்பு பக்கம் பார்க்கிறாளாம். போகிற வருகிறவர்களிடமெல்லாம், வூட்டுக்காரரு சோப்பு கம்பெனி ஆரம்பிக்கிறாரு என்று சொன்னாள். இலையை உருவி அலுமினிய பேசினில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கையால் அலசினேன்.

தண்ணீர் கறுத்தது.

மண் கலந்தால் வருகிற பழுப்பு இல்லை. கறுப்பு. இலைக்கு மேலே வழவழவென்று ஒரு படலம் மிதந்தது. வெயில் பட்டதும் அதில் நிறம் ஓடியது. என் கை மணிக்கட்டு வரை மை பூசினது போல ஆகிவிட்டது. அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி ஊற்றினேன். மறுபடியும் கறுத்தது. திரும்பத் திரும்ப ஊற்றிய பிறகுதான் இலையின் பச்சை தெரிந்தது. பேசினின் அடியில் பொடி தங்கியிருந்தது. விரலில் தேய்த்தபோது நறநறக்கவில்லை, மாவு போல இருந்தது. சோப்புக்குக் கை வெளுக்கவில்லை. வண்டி கிரீஸ் கழுவுகிற பவுடரைப் போட்டுத் தேய்க்க வேண்டியிருந்தது.

இவள் நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். பேசினுக்குள் பார்த்தாள். சிரிப்பெல்லாம் போய்விட்டது.

“இத்தயாய்யா தெனிக்கும் கொளுத்தி மோந்துகினு இருந்தோம்?”

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. புகைக்குப் போடுகிற இலையை யாராவது கழுவுவார்களா? ஈர இலை எரியாது. ஒடித்த கையோடு அப்படியே டப்பாவில் போட்டோம். தெருவில் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள். சாப்பிடுகிற கீரையை ஆயிரம் தடவை அலசுகிறவள், புகைக்குப் போடுகிற இலையை உதறக்கூட இல்லை. அதன் மேல் படிந்திருந்ததை எல்லாம் நெருப்பில் போட்டு, வீட்டுக்கு வீடு மூலை மூலையாகக் காட்டியிருக்கிறோம். கட்டிலுக்குக் கீழேயும் தொட்டிலுக்குப் பக்கத்திலும் காட்டியவர்கள் உண்டு.

இவள் எதிர் வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். அந்த அக்கா நம்பவில்லை. என் கை அழுக்கு என்றாள், டிரைவர் கை அப்படித்தான் இருக்கும் என்றாள். பிறகு தன் வீட்டு வாசலில் கட்டி வைத்திருந்த வேப்பங்கொத்தை எடுத்து வந்து தானே ஒரு குடத்துத் தண்ணீரில் முக்கி எடுத்தாள். அந்தத் தண்ணீரும் கறுத்தது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் வீட்டு டப்பா குப்பையில் கிடந்தது. விஷயம் தெரு முழுக்கப் பரவ அதிக நேரம் ஆகவில்லை. நீங்கள் மைக் பிடித்துச் சொன்னபோது நிறுத்தாதவர்கள், பேசினைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்கள்.

எண்ணெய் காய்ச்சினேன். இவளை எதிர் வீட்டில் உட்கார வைத்துவிட்டுக் கதவு ஜன்னல் எல்லாம் திறந்து வைத்துக் காய்ச்சினேன். முதல் தடவை தீ கூடிவிட்டது. இலை கருகி எண்ணெய் கசந்த வாடை அடித்தது, கொட்டிவிட்டேன். அடுத்த தடவை கிட்டேயே நின்று கிளறினேன். இலை மொறுமொறுவென்று ஆனதும் சத்தம் அடங்கியது. பழைய வேட்டித் துணியில் பிழிந்தேன். இளம்பச்சையாக வந்தது. வேப்பெண்ணெய் விட்டுக் குலுக்கி பாட்டிலில் ஊற்றினேன். இவள் முழங்கையில் ஒரு சொட்டு வைத்தோம். மறுநாள் வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் கைகால்களில் தடவிக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். கொசு சுற்றிச் சுற்றி வந்தது. உட்காரவில்லை.

வேலை செய்தது என்றுதான் சொல்வேன். முழுதாக இல்லை. வேர்த்தால் போய்விடும், மறுபடி தடவ வேண்டும். தடவ மறந்த இடத்தைக் கண்டுபிடித்துக் காது மடலில் கடிக்கும். தலையணை உறையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. ஆனாலும் தெருவில் எல்லோரும் கேட்டார்கள். காய்ச்சிக் கொடுத்தேன், சிலருக்குக் காய்ச்சச் சொல்லிக் கொடுத்தேன். கொஞ்ச நாளில் தெருவே வேப்பெண்ணெய் நாறியது. கூடையில் மீன் கொண்டு வருகிற அம்மா தெருமுனையிலேயே நின்று, இன்னாடி இது கலீஜ் வாட, என் மீனே பரவால்ல என்று மூக்கைப் பொத்திக்கொண்டாள். மீன்காரியே மூக்கைப் பொத்துகிற தெருவாகிவிட்டோம் என்று இவள் பெருமையாகச் சொன்னாள்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். புகை நின்றுவிட்டது. ஒரு வீட்டில்கூட டப்பா இல்லை. நீங்கள் சொன்னதை உங்கள் வார்த்தைப்படி செய்துவிட்டோம்.

இருமல் நிற்கவில்லை.

முதலில் நான் அதை ஒத்துக்கொள்ளவில்லை. உடம்பில் இருக்கிற பழைய புகை போகட்டும், கொஞ்ச நாள் ஆகும் என்று இவளிடமும் சொன்னேன், எனக்கும் சொல்லிக்கொண்டேன். வண்டி ஓட்டும்போது கூட மனசு வீட்டிலேயே இருந்தது. வரிசையில் நிற்கும்போதெல்லாம் போன் செய்வேன். பேசும்போது அவள் மூச்சை எங்கே நிறுத்தி எடுக்கிறாள் என்று கவனிப்பேன். அவளுக்கு அது தெரியும். ஒரே மூச்சில் வேகமாகப் பேசிவிட்டு வைத்துவிடுவாள். பிறகு எங்கள் இரண்டு பேருக்குமே ஒன்று புரிந்தது. காற்று கடல் பக்கமிருந்து அடித்தால் நன்றாக இருக்கிறாள். திரும்பி அடித்தால், அந்த நாற்றம் வந்தால், மார்பில் கை வைத்துக்கொள்கிறாள்.

ஒருநாள் பொழுது சாயும்போது நான் வீட்டில்தான் இருந்தேன். கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். நாற்றம் வந்தது. கேஸ் சிலிண்டர் திறந்து கிடப்பது போல, அதோடு கருகின ரப்பர் போல. எதிர் வீட்டு அக்கா எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிக் கத்தினாள். இவள் துணியை மார்போடு அணைத்தபடி படியில் உட்கார்ந்துவிட்டாள். பம்ப் அடித்தோம். கேட்கவில்லை. உதடு வெளுத்துவிட்டது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு போனேன். ரயில்வே கேட் மூடியிருந்தது. அந்தக் கேட் முன்னால் நான் பட்ட பாட்டை எழுத எனக்கு வராது. இறங்கி, கேட்டைப் பிடித்து ஆட்டினேன். ரயில் போகிறவரை ஆட்டிக்கொண்டே இருந்தேன்.

ஆஸ்பத்திரியில் முகமூடி மாட்டிப் புகை மாதிரி மருந்து வைத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு வந்தது. டாக்டர் சின்னப் பெண். வீட்டில் கொசுவத்தி உண்டா என்று கேட்டார். இல்லை. புகை போடுகிறீர்களா? இல்லை. ஊதுவத்தி, சிகரெட்? இல்லை, இல்லை. இது என்ன வாடை என்றார். எண்ணெயைச் சொன்னேன். இது எப்போதிலிருந்து, இதனால் அதிகமானதா என்று கேட்டார். தடவிக்கொண்டு நன்றாக இருந்த நாட்களும் உண்டு என்றேன். அப்படியானால் வேறு எதனால் என்று கேட்டார். சாயங்காலம் வருகிற நாற்றத்தைச் சொன்னேன். முடிந்தால் கொஞ்ச காலம் வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள் என்றார்.

திருவள்ளூர் தாண்டி ஒரு புது லேஅவுட்டில் இவளுடைய தங்கை வீடு இருக்கிறது. அங்கே கொண்டு போய் விட்டேன். அவளுக்கு வேலை போயிற்று. ஷெட்டில் இவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்கள். போகும்போது எண்ணெய் பாட்டிலை எடுத்து வைத்தேன். அந்த ஊரில் பஸ் கிடையாது, பேச ஆள் கிடையாது, சாயங்காலமானால் தவளை கத்துகிறது என்று போனில் திட்டினாள். திட்டும்போது மூச்சு வாங்கவில்லை. நான் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். விளக்கு வைக்கிற நேரம். முன்வாசலில் தங்கச்சி ஒரு மண்சட்டியில் நெருப்பு வைத்து இலையைக் கொட்டிக்கொண்டிருந்தாள். நொச்சி. அவர்கள் வீட்டு வேலியில் நிற்கிற நொச்சி. புகை எழும்பியது. பக்கத்திலேயே என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். ஓடிப்போய்ச் சட்டியைக் காலால் தள்ளினேன். மூளை இருக்கிறதா உனக்கு, அவளைக் கொல்லப் பார்க்கிறாயா என்று தங்கச்சியைப் பார்த்துக் கத்திவிட்டேன். அந்தப் பெண் பயந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

என் மனைவி எழுந்திருக்கக்கூட இல்லை.

“அவ மேல ஏன்யா பாயுற? வந்த நாளா இத்தும் பக்கத்துலதான் குந்திகினு கீறேன். ஒண்ணும் ஆவல.”

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் அன்றைக்கே லாரியோடு வந்து நிற்பாய் என்றாள்.

வேலிக்குப் போய் ஒரு கொத்து ஒடித்தேன். குழாயடியில் வாளியில் போட்டு அலசினேன். இங்கேயும் வந்து இலை கழுவுகிறாயா என்று பின்னாலிருந்து கேட்டாள். தண்ணீரில் கொஞ்சம் செம்மண் இறங்கியது, ஒரு எறும்பு மிதந்தது. அவ்வளவுதான். வாளியின் அடி தெரிந்தது. நான் எழுந்திருக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளும் வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு சாதாரணமாகக் கேட்டாள்.

“அப்போ நான் எப்போ நம்ப வூட்டுக்கு வர்றது?”

புகை நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. டாக்டர் வேண்டாம் என்றார், வேண்டாம்தான். தங்கச்சி வீட்டில் சட்டி வெளியே இருக்கிறது, சுற்றிலும் வெட்டவெளி. அதையும் யோசித்தேன். எங்கள் இலையில் இருந்தது இன்னது என்றும் நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. எந்தக் கம்பெனியையும் நான் சொல்லவில்லை. தெரிந்தால் சொல்லியிருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம், ஒரே செடி, ஒரே மாதிரிப் புகை, ஒரே நெஞ்சு. அங்கே இருமவில்லை. இங்கே புகையே இல்லாமல் உதடு வெளுத்தது.

ஊருக்குத் திரும்பியதும் மறுநாளே கால்வாய்க் கரை நொச்சியைக் கழுவி, அந்தத் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு உங்கள் ஆபீஸுக்கு வந்தேன். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெகுநேரம் உட்கார வைத்துவிட்டுக் கூப்பிட்டீர்கள். பாட்டிலை மேஜையில் வைத்தேன். நீங்கள் அதைத் தொடவில்லை. பேனாவால் கொஞ்சம் தள்ளி வைத்தீர்கள். ரோட்டோரத்துச் செடியில் தூசி இருக்கத்தான் செய்யும், எந்த ஊரில் இல்லை என்றீர்கள். தங்கச்சி வீட்டு இலையைப் பற்றிச் சொன்னேன். அது கிராமம் என்றீர்கள். புகையை நிறுத்திய பிறகும் ஆஸ்பத்திரிக்குப் போனோமே என்றேன். வீசிங் என்றால் அப்படித்தான் வரும் போகும் என்றீர்கள். பரிசோதனை செய்வது உங்கள் வேலை இல்லை என்றீர்கள். யாருடைய வேலை என்று கேட்டதற்கு, எழுதிக் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னீர்கள்.

நான் எழுந்திருக்கவில்லை. அப்போது நீங்கள் ஒன்று சொன்னீர்கள்.

“உங்க ஒய்ஃப் இப்ப அங்க நல்லாத்தானே இருக்காங்க? அப்புறம் என்ன பிரச்சினை?”

அதன் பிறகு நான் என்ன பேசினேன் என்று எனக்கே சரியாக ஞாபகம் இல்லை. பியூன் வந்து கையைப் பிடித்து வெளியே கொண்டுவந்து விட்டார். பாட்டில் உங்கள் மேஜையிலேயே நின்றது.

பிரச்சினை என்னவென்று இப்போது சொல்கிறேன். அவள் நன்றாக இருப்பதுதான் பிரச்சினை. அவள் நன்றாக இருக்க இந்த ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கிறது. நான் சோறு சமைத்துத் தனியாகச் சாப்பிடுகிறேன். எதிர் வீட்டு அக்காவுக்குப் போக ஒரு தங்கச்சி வீடு இல்லை. இந்தத் தெருவில் பம்ப் வைத்திருக்கிற யாருக்கும் இல்லை. அவர்கள் எண்ணெயைத் தடவிக்கொண்டு காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். கூட்டத்தில் உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரித்தவர்களும்தான். கொசுவுக்கு எண்ணெய் காய்ச்ச எனக்குத் தெரிந்துவிட்டது. காற்றுக்கு என்னத்தைக் காய்ச்சுவது?

போன வாரமும் கேட்டாள், வரட்டுமா என்று. நான் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவன் நான் இல்லை. இருமலுக்கு நாங்கள்தான் காரணம் என்று ஊர் கூட்டிச் சொன்னவர் நீங்கள். ஆகவே தனியாக என்னைக் கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம், எழுதிக் கொடு என்றும் சொல்ல வேண்டாம். எங்கள் தெருவுக்கு வாருங்கள். கால்வாய்க் கரையில் எந்தச் செடியில் வேண்டுமானாலும் நீங்களே இலை பறியுங்கள், எல்லோரும் பார்க்க நீங்களே கழுவுங்கள். தண்ணீரில் இறங்குவது என்ன, அது எங்கிருந்து வந்து விழுகிறது, இந்தக் காற்றில் என் மனைவி வந்து குடியிருக்கலாமா கூடாதா என்று அத்தனை பேர் முன்னாலும் வாயைத் திறந்து சொல்லுங்கள்.